வாரநாளில் அலுவலகம், ஞாயிறன்று ரேஸ் டிராக்: ஒரே அலைன்மென்ட் போதுமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “மாருதி ஸ்விஃப்ட் வைத்திருக்கிறேன். வாரநாளில் அலுவலகம், அவ்வப்போது ஊருக்குப் போய்வருவேன். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் டிராக் டே ஓட்ட ஆரம்பித்திருக்கிறேன். அடுத்து இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கும் போக ஆசை. ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் முன் டயர்களின் வெளி ஓரம் பிய்ந்து கிடக்கிறது. நண்பர், கேம்பரை மைனஸ் மூன்று வைக்கச் சொல்கிறார். டயர் கடைக்காரரோ, கம்பெனி செட்டிங்கைத் தொட்டால் உள்பக்கம் தேய்ந்துவிடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?”

முதலில் ஒரு கணக்கு. கோவையிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போய்த் திரும்ப ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். அங்கே ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். நாள் முழுக்க இருபது சுற்று ஓட்டினாலும் எழுபத்தைந்து கிலோமீட்டரைத் தாண்டாது. காரைத் தளத்துக்கு ஓட்டிக்கொண்டே போய், ஓட்டிக்கொண்டே திரும்புகிற ஒருவருக்கு டயரின் ஆயுளில் பெரும்பகுதி நேர்ச்சாலையில்தான் கழிகிறது. அந்த எழுபத்தைந்து கிலோமீட்டர் மட்டுமே தெரிந்த மாதிரி உங்கள் நண்பர் பேசுகிறார். ஆனால் டயரின் வெளி ஓரத்தைப் பிய்த்ததும் அப்படிப்பட்ட தள ஓட்டம்தான். கடைக்காரர் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

என் பதில் இதுதான்: கேம்பரில் தாராளமாக இருங்கள், டோவில் கஞ்சத்தனம் காட்டுங்கள். பின்சக்கரத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

கேம்பர் என்பது, காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. தலைப்பக்கம் உள்ளே சாய்ந்தால் மைனஸ், வெளியே சாய்ந்தால் பிளஸ். ஸ்விஃப்ட் போன்ற கார்களில் முன்னால் இருப்பது மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட். மலிவான, இடத்தை அடைக்காத, நல்ல அமைப்பு. வேகமாகத் திரும்பும்போதுதான் அதன் குறை தெரியும். நீங்கள் வலப்பக்கம் திரும்புகிறீர்கள், உடல் இடப்பக்கம் சாய்கிறது, பாரம் முழுவதும் இடது முன் சக்கரத்தில் ஏறுகிறது. அந்தச் சக்கரமும் உடலோடு சேர்ந்து வெளிப்பக்கம் சாய்ந்துவிடும். ஸ்ட்ரட் அமுங்கும்போது கொஞ்சம் மைனஸ் திரும்பக் கிடைக்கும் என்றாலும், உடல் சாய்ந்த அளவுக்கு அது ஈடாகாது. நின்ற இடத்தில் கேம்பர் பூஜ்யமாக இருந்தால், வளைவின் நடுவில் டயர் தன் வெளித்தோளில்தான் நிற்கும். உங்கள் டயர் பிய்ந்தது இதனால்தான். அதற்கு மருந்து, நிற்கும்போதே சக்கரத்தைக் கொஞ்சம் உள்ளே சாய்த்து வைப்பது.

“அப்படி வைத்தால் உள்பக்கம் தேயாதா?” தேயும், ஆனால் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. உள்பக்கத் தேய்மானத்துக்குக் கேம்பர் மேல் போடப்படும் பழியில் பெரும்பகுதி டோ மேல் விழ வேண்டியது. டோ என்பது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறது என்பது. இரண்டு முன்சக்கரமும் ஒன்றையொன்று பார்த்தால் டோ-இன், விலகிப் பார்த்தால் டோ-அவுட். ஒரு சக்கரம் 0.1 டிகிரி தப்பான திசையைப் பார்த்தால்கூட, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1.75 மீட்டர் அளவுக்கு அது பக்கவாட்டில் இழுபட்டபடி உருள்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்குப் பதினேழரை கிலோமீட்டர். டயரைத் தார்ச்சாலையில் குறுக்கே வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். கேம்பர் மைனஸில் இருந்து, டோவும் வெளியே பார்த்தால், தேய்ப்பு முழுவதும் உள் ஓரத்தில் விழும். கடைக்காரர் பார்த்த ‘கேம்பர் தின்ற டயர்கள்’ பலவும் இந்தக் கூட்டுக் களவின் பலி. கேம்பர் மைனஸ் 1.5, டோ பூஜ்யம் என்று வைத்து, டயர்களை ஒழுங்காக மாற்றிப்போட்டு வந்தால் அன்றாட ஓட்டத்தில் பெரிய நஷ்டம் வராது.

உங்கள் டயரை நீங்களே சோதித்துப் பாருங்கள். உள்ளங்கையை டிரெட் மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை, உள்ளேயிருந்து வெளியே ஒருமுறை தடவுங்கள். ஒரு பக்கம் போகும்போது வழுவழுவென்று இருந்து, திரும்பி வரும்போது ரம்பப் பல் போல் குத்தினால் டோ தப்பு. எந்தப் பக்கம் தடவினாலும் சமமாக இருந்து, ஒரு ஓரம் மட்டும் மழமழவென்று உயரம் குறைந்திருந்தால் கேம்பரைச் சந்தேகியுங்கள். டிராக் டே முடிந்த டயரில் இந்தச் சோதனை வேண்டாம். அங்கே உருகிச் சுருண்ட ரப்பர் எல்லாவற்றையும் குழப்பிவிடும். சாலையில் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு பாருங்கள்.

இனி, எவ்வளவு கேம்பர்? சாலை டயரிலேயே டிராக் ஓட்டுகிற, அதே காரில் வீடு திரும்புகிற உங்களுக்கு முன்பக்கம் மைனஸ் 1.5-லிருந்து மைனஸ் 2 வரை. நான் 1.5-இல் தொடங்கச் சொல்வேன். டோ பூஜ்யம். இயந்திரம் பூஜ்யத்தில் நிற்க மறுத்தால் இரு சக்கரமும் சேர்த்து ஐந்து நிமிடக் கோணம் வரை இப்படி அப்படி இருக்கலாம். தளத்துக்கென்றே தனி வீல் செட்டும் செமி ஸ்லிக் டயரும் வாங்கும் நாள் வந்தால் மைனஸ் 2.5, மைனஸ் 3 என்று யோசிக்கலாம். உங்கள் நண்பர் சொன்ன மூன்று அந்த வகைக் காருக்கானது. சாலை டயரில் அவ்வளவு சாய்த்தால் நேராகப் பிரேக் அடிக்கும்போது உள் ஓரம்தான் தரையை அழுத்தும். பிரேக்கில் இழந்ததை வளைவில் மீட்க முடியாது.

டோ-அவுட் வைத்தால் கார் வளைவுக்குள் சட்டென்று மூக்கை நுழைக்கும் என்று சொல்வார்கள். உண்மைதான். கரி போன்ற குறுகிய, வளைவுகள் அடுக்கடுக்காக வரும் தளத்தில் இரு சக்கரமும் சேர்த்து ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் டோ-அவுட் சுகமாகத்தான் இருக்கும். அதே கார் சேலம் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில், லாரிகள் பள்ளம் பறித்த இடது தடத்தில் நாய் மோப்பம் பிடிப்பது போல அலையும். கையை எடுக்கவே விடாது. முன்சக்கர இழுவைக் கார்களில் எஞ்சின் இழுக்கும்போது சக்கரங்கள் கொஞ்சம் உள்ளே திரும்பப் பார்க்கும்; பூஜ்யத்தில் வைத்ததே ஓட்டத்தில் சற்று இன் ஆகிவிடும். அதனால் கம்பெனிகளும் இப்படிப்பட்ட கார்களுக்குப் பூஜ்யத்தை ஒட்டியே எண் தருகின்றன. அதை விட்டு விலக உங்களுக்கு இப்போது காரணம் இல்லை.

காஸ்டர், அதாவது பக்கவாட்டில் பார்க்கும்போது ஸ்டீரிங் அச்சின் சாய்வு, பற்றிச் சுருக்கமாக: ஸ்விஃப்ட்டில் அதை மாற்ற வழி தரப்படவில்லை. கூடுதலாக இருந்தால் ஸ்டீரிங் திருப்பும்போது வெளிச்சக்கரத்துக்கு இலவசமாக மைனஸ் கேம்பர் கிடைக்கும், ஸ்டீரிங்கும் நன்றாக நேருக்குத் திரும்பும். இரு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் ஒரு டிகிரிக்கு மேல் குறைந்திருந்தால், பள்ளத்தில் விழுந்து லோயர் ஆர்ம் வளைந்திருக்கலாம்.

சரி, கேம்பரை எப்படி வரவழைப்பது? ஸ்விஃப்ட்டின் முன்பக்கத்தில் சாதாரணமாக மாற்றக்கூடியது டோ மட்டும். அலைன்மென்ட் கடையில் டை ராடைத் திருகி அதைச் சரிசெய்து அனுப்பிவிடுவார்கள். கேம்பருக்கு ஏற்பாடு நாம்தான் செய்ய வேண்டும். ஸ்ட்ரட், சக்கர ஹப்பைத் தாங்கும் நக்கிளோடு இரண்டு போல்ட்டில் சேர்கிறது அல்லவா, அதில் ஒன்றை எடுத்துவிட்டுக் கேம்பர் போல்ட் போடலாம். தண்டு சற்று மெலிந்து, நடுவில் ஒரு பக்கம் புடைத்திருக்கும் போல்ட் அது. திருகத் திருக அந்தப் புடைப்பு நக்கிளை உள்ளே தள்ளும். ஒரு டிகிரி, ஒன்றேகால் டிகிரி தாராளமாகக் கிடைக்கும். விலையும் கேம்பர் பிளேட்டை விடப் பல மடங்கு குறைவு. எந்த அளவு போல்ட், மேல் துளையா கீழ்த் துளையா என்பதைப் போல்ட் தயாரித்தவரின் தாளில் பார்த்துச் செய்யுங்கள், மெக்கானிக்கின் ஊகத்துக்கு விடாதீர்கள். இறுக்க வேண்டியது டார்க் ரெஞ்சால். இறுக்கிய பின் போல்ட் தலையிலிருந்து ஸ்ட்ரட் வரை ஒரு வெள்ளை பெயின்ட் கோடு இழுத்துவிடுங்கள். டிராக்கில் கெர்ப் மேல் ஏறி இறங்கினால் இந்தப் போல்ட் நழுவக்கூடும். கோடு உடைந்திருந்தால் பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கேம்பர் போல்ட்டால் சாய்க்கும்போது டயரின் தலைப்பக்கம் ஸ்ட்ரட்டை நோக்கி வரும். அகலமான டயர் போட்டிருந்தால் இடையில் விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே டவரில் பொருத்தும் கேம்பர் பிளேட்டில் இந்தத் தொல்லை இல்லை, ஸ்ட்ரட்டும் சக்கரமும் சேர்ந்தே சாயும். ஆனால் பிளேட்டில் ரப்பருக்குப் பதில் இரும்புப் பேரிங் இருப்பதால் ஒவ்வொரு வேகத்தடையும் ‘டொக்’ என்று கேபினுக்குள் கேட்கும். அலுவலகம் போகிற காருக்கு அது வேண்டாத வேலை. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ஐரோப்பியக் கார்கள் பலவற்றில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் செருகி ஒரே போல்ட்டில் கவ்வப்பட்டிருக்கும். அவற்றில் கேம்பர் போல்ட்டுக்கு இடமே இல்லை. இதைப் படிக்கிற மற்றவர்கள் தங்கள் காரைக் குனிந்து பார்த்துவிட்டு ஆர்டர் போடவும்.

ஸ்பிரிங்கை வெட்டியோ, தாழ்வான ஸ்பிரிங் போட்டோ காரை இறக்கினால் கேம்பர் தானாக வரும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நிற்கும்போது கொஞ்சம் வரும். ஆனால் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி, வெளி முனை மேலே தூக்கிவிட்டால், வளைவில் ஸ்ட்ரட் அமுங்க அமுங்க இருக்கும் மைனஸும் போய்க்கொண்டே இருக்கும். பார்க்கத் தாழ்வாக இருக்கும், ஓட்ட மோசமாக இருக்கும். ஸ்பிரிங் வெட்டுவதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அதைச் செய்பவர்கள் இதைப் படிக்கவும் மாட்டார்கள்.

பின்சக்கரம். ஸ்விஃப்ட்டின் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், திருகுவதற்கு எதுவும் இல்லை. ஹப்புக்கும் பீமுக்கும் இடையில் ஷிம் தகடு வைத்துக் கோணத்தை மாற்றுவது உண்டு. போட்டிக் கார்களில் பின் டோவைப் பூஜ்யமாக்கி, சிலர் லேசாக வெளியே தள்ளி, காரை வளைவில் சுழலச் செய்வார்கள். நீங்கள் செய்ய வேண்டாம். இருங்காட்டுக்கோட்டையின் முதல் வளைவுக்கு நேர்த்தடத்தின் முழு வேகத்தோடு வருகிறோம். உள்ளே நுழைந்த பிறகு பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்னால் டோ-அவுட் உள்ள கார் உங்களைக் கேட்காமலே திரும்பிக்கொள்ளும். மழையில் சாலையிலும் அதே கதை. கார் திரும்ப மறுக்கிறது, மூக்கு வெளியே தள்ளுகிறது என்று தோன்றினால், முன் கேம்பர் வைத்த பிறகும் அப்படியே இருந்தால், பின் டயரில் இரண்டு பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள். திரும்ப வீட்டுக்குக் கிளம்பும்போது குறைத்துவிடலாம். பின் சக்கர எண்களை அளந்து மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். இடமும் வலமும் வெகுவாக வேறுபட்டால் பீம் எங்கோ அடி வாங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு அலைன்மென்ட் தீர்வு அல்ல.

இப்போது கடைக்குப் போவோம். போகும் முன் கார் மேலேற்றப்பட்டு டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். ஆட்டம் இருக்கும் காருக்கு அலைன்மென்ட் செய்வது, கடையை விட்டு வெளியே வருவதற்குள் வீணாகும் பணம். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். டிராக்குக்காக இவ்வளவு பார்ப்பவர் இன்னொன்றும் செய்யலாம்: தளத்தில் நீங்கள் தனியாகத்தான் ஓட்டுவீர்கள், அதுவும் வலது இருக்கையில். 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை டிரைவர் சீட்டில் வைத்து அலைன்மென்ட் பார்த்தால் உங்கள் எடை அங்கே உட்கார்ந்த மாதிரி. கடைப் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

ஜாக்கியில் தூக்கி இறக்கியதும் அளக்க விடாதீர்கள். தூக்கும்போது சக்கரங்கள் உள்வாங்கிக் கொள்ளும்; தரை அவற்றைப் பிடித்து வைத்திருக்கும். காரைக் கொஞ்சம் உருட்டி, முன்னும் பின்னும் அமுக்கி விட்ட பிறகே எண்கள் நிஜம் பேசும். வேலையின் வரிசை: முதலில் பின் அச்சை அளப்பது, பிறகு முன் கேம்பர், கடைசியில் டோ. கேம்பரைத் தொட்டால் டோ நகர்ந்தே தீரும். டோ வைத்த பிறகு கேம்பர் திருகுகிறவரைக் கண்டால் வேறு கடை தேடுங்கள்.

எண்களைச் சொல்லும்போது ஒரு பொறி இருக்கிறது. சில இயந்திரங்கள் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும், சில தசமத்தில் காட்டும். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், திரையில் 1.30 என்று நிற்பது ஒன்றரை டிகிரியாகவும் இருக்கலாம், ஒன்று தசம் மூன்றாகவும் இருக்கலாம். கேட்டுத் தெளியுங்கள். டோ எண் ஒரு சக்கரத்துக்கா, இரண்டுக்கும் சேர்த்தா என்பதையும் கேளுங்கள். மில்லிமீட்டரில் பேசினால், 14 அங்குல ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய பத்து நிமிடக் கோணம். ரிம் பெரிதானால் அதே மில்லிமீட்டருக்குக் கோணம் குறையும்.

அப்புறம் அந்தச் சிவப்பு. மைனஸ் 1.5 என்பது கம்பெனி எல்லைக்கு வெளியே இருப்பதால் திரை சிவப்பாகத்தான் காட்டும்.

“சார், செவப்புல நிக்குதுங்களே, பச்சைக்குக் கொண்டுவந்தரட்டுங்களா?”

“வேண்டாங்ண்ணா, அப்படியே இருக்கட்டும். ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாருங்க.”

இந்த உரையாடல் கட்டாயம் வரும், தயாராக இருங்கள். பச்சை என்பது அகலமான ஒரு எல்லை. இடப்பக்கம் மைனஸ் 0.1, வலப்பக்கம் மைனஸ் 0.8 என்றிருந்தால்கூட இரண்டும் பச்சைக்குள் அடங்கிவிடக்கூடும். ஆனால் கார் இடப்பக்கம் இழுக்கும். மைனஸ் குறைந்த பக்கம் இழுப்பது இயல்பு. போதாக்குறைக்கு நம் சாலைகள் தண்ணீர் வடிய இடது ஓரத்துக்குச் சரிந்தும் இருக்கின்றன. இரு பக்கக் கேம்பருக்கும் கால் டிகிரிக்குள் வித்தியாசம் நின்றால் போதும். செய்வதற்கு முன், செய்த பின் என இரண்டு பிரின்ட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சரிபார்க்க நூல் போதும். காரின் இருபுறமும் சக்கர மையத்தின் உயரத்தில் நூல் கட்டி, ஹப் மையத்திலிருந்து தூரம் இடமும் வலமும் சமமாக வருமாறு பிடித்து, ரிம்மின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் இரும்பு ஸ்கேலால் அளந்தால் டோ தெரிந்துவிடும். முன் அச்சின் அகலமும் பின் அச்சின் அகலமும் ஒன்றாக இருக்காது. நூலைச் சக்கரத்தோடு ஒட்டிப் பிடித்து ஏமாறாதீர்கள்.

அளவு சரியா என்பதைக் கடைசியில் டயரிடம்தான் கேட்க வேண்டும். நான்கைந்து சுற்று வேகமாக ஓட்டி, கூல்-டவுன் சுற்றை நீட்டாமல் நேராகப் பிட்டுக்கு வந்து, முன் டயர்களின் வெளி ஓரம், நடு, உள் ஓரம் மூன்றிலும் வெப்பம் பாருங்கள். ஊசி முனை கொண்ட பைரோமீட்டர் நல்லது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் கருவி மேல்தோலை மட்டும் பார்க்கும், அதுவும் நொடிக்கு நொடி மாறும். அதுதான் இருக்கிறதென்றால் சீக்கிரம் பாருங்கள். உள் ஓரம் வெளி ஓரத்தைவிட ஐந்து முதல் பத்து டிகிரி சூடாக இருந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். வெளி ஓரம் அதிகச் சூடென்றால் இன்னும் கால் டிகிரி சாய்க்கலாம். நடு மட்டும் கொதித்தால் அது கேம்பர் விஷயமே இல்லை, காற்று கூடுதல். மூன்று இடமும் ஒரே வெப்பம் வர வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். நேர்த்தடத்தில் உள் ஓரம் தனியாக உழைத்துச் சூடேறுவது அந்தக் கணக்கில் சேர்ந்தே வரும். கருவி இல்லையென்றால் டயர் பக்கச்சுவரில் இருக்கும் சிறு முக்கோணக் குறியைப் பாருங்கள். வெளித் தேய்மானம் அந்தக் குறியைத் தாண்டி இறங்கியிருந்தால் டயர் தோளில் உருள்கிறது. ஆனால் முதலில் காற்றைக் கூட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கேம்பரைக் குறை சொல்லுங்கள்.

ஒவ்வொரு டிராக் டேக்கும் முதல்நாள் ஒரு செட்டிங், மறுநாள் ஒரு செட்டிங் என்று மாற்றவேண்டுமா என்றும் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். கேம்பர் போல்ட்டோடு வேண்டாம். ஒவ்வொரு முறையும் டோ நகரும், அதற்கு மறுபடி கடைக்குப் போக வேண்டும், போல்ட்டும் அடிக்கடி கழற்றி மாட்டப் பிறந்ததல்ல. ஓட்டி முடித்துத் திரும்பும் முன் அந்த வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். நேர்ச்சாலையில் ஸ்டீரிங் வீல் கோணலாக நின்றால் மறுநாளே அலைன்மென்ட் கடை.

இருங்காட்டுக்கோட்டையில் கடிகாரச் சுற்றில் ஓட்டுகிறோம், வலது வளைவுகளின் பாரம் இடது முன் டயரில் ஏறுகிறது. அது மற்ற மூன்றையும்விட முன்னதாகத் தேயும். டயரின் கோலம் அம்புக்குறி போட்டு ஒரே திசையில் ஓடும் வகையாக இல்லாவிட்டால், ஒவ்வொரு டிராக் டேக்குப் பிறகும் முன் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். வெளிப்பக்கம் என்று பக்கச்சுவரில் அச்சிட்ட டயரென்றால் அந்தப் பக்கம் வெளியிலேயே இருக்க வேண்டும், ரிம்மோடு அப்படியே இடம் மாற்றினால் போதும். அம்புக்குறி டயரை முன்னுக்கும் பின்னுக்கும் மட்டும் மாற்றலாம்.